மாவலி வட்டம்: பார்வையை மாற்றும் பழைய தியான வழிகள் உண்மையில் என்ன சொல்கின்றன?

கார்த்திகை தீபத்தன்று மாவலி சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துப் பொடித்து, துணியில் இறுக்கிச் சுருட்டி, பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டுவார்கள். கயிற்றில் பிணைத்து, நெருப்பு வைத்து, தலைக்கு மேலே வீசிச் சுழற்றினால் பொறி மழைபோலக் கொட்டும். இருட்டில் சுழற்றுகிறவரைச் சுற்றி ஒரு நெருப்பு வட்டம் நிற்கும். எந்த இடத்திலும் அறுபடாத முழு வட்டம். கை ஓய்ந்ததும் வட்டம் இருக்காது. கயிற்றின் நுனியில் கனன்றுகொண்டிருக்கும் சின்ன மூட்டை மட்டும்தான் இருக்கும்.

அந்த வட்டம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது? மூட்டைக்குள்ளிருந்து அது வெளியே வரவில்லை. சுழற்சி நின்றதும் மூட்டைக்குள் திரும்பிப் போகவும் இல்லை. வெளியிலிருந்தும் வந்து ஒட்டவில்லை. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன் அத்வைத வேதாந்த ஆசிரியர் கௌடபாதர் கேட்டது இதே கேள்விதான். மாண்டூக்ய உபநிடதத்துக்கு அவர் எழுதிய காரிகை என்ற செய்யுள் விளக்கத்தின் நான்காவது பகுதிக்கே 'அலாதசாந்தி' என்று பெயர். அலாதம் என்றால் கொள்ளிக்கட்டை. கொள்ளிக்கட்டை ஓய்வது என்று பொருள். கட்டையை ஆட்டினால் நேர்கோடாகவும் வளைகோடாகவும் தெரிகிறதே, அதுபோல உணர்வின் அசைவுதான் காண்பவன் என்றும் காணப்படும் பொருள் என்றும் இரண்டாகத் தெரிகிறது என்கிறார் அவர். அவருக்கு முன்பே பௌத்தர்களும் இந்தத் தீவட்டத்தை உவமையாகக் கையாண்டிருக்கிறார்கள். இரண்டு மரபும் ஒரே கட்டையைச் சுழற்றிக்கொண்டு எதிரெதிர் முடிவுக்குப் போனதுதான் இந்தியத் தத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

தீவட்டம் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, கண்ணெதிரே தெரிகிறது. மெய் என்றும் சொல்ல முடியாது, அங்கே எந்த நொடியிலும் ஒரு புள்ளிக்கு மேல் நெருப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் இந்த நிலைக்குத்தான் வேதாந்திகள் மாயை என்றும் மித்யை என்றும் பெயர் வைத்தார்கள். 'உலகமே மாயை' என்ற வாக்கியத்தைக் கேட்டதும் நம்மில் பலர் 'உலகமே இல்லை' என்று எடுத்துக்கொள்கிறோம். அதைவிடப் பெரிய பிழை ஒன்று இப்போது பரவலாகிவிட்டது. 'எல்லாம் மனத்தின் தோற்றம், அதனால் எண்ணத்தை மாற்றினால் கையில் பணமும் வேலையும் வந்து சேரும்' என்று பழைய தத்துவங்களின் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்கள். கண்ணை மூடி வேண்டியதைக் கற்பனை செய்வதைத் தியானம் என்று சொல்லித் தருகிறார்கள். கௌடபாதரோ புத்தரோ திருமூலரோ சொன்னது இதற்கு நேர்மாறானது. வட்டம் எப்படி உண்டாகிறது என்று பார் என்றார்கள். நமக்குப் பிடித்த மாதிரி வட்டத்தை வளைத்துக்கொள் என்று எவரும் சொல்லவில்லை.

வட்டம் எப்படி உண்டாகிறது என்பதை மிகவும் நுணுக்கமாக அலசியவர்கள் பௌத்த அளவை நூலார்கள். எது சரியான அறிவு, அது எப்படி வருகிறது என்று ஆராய்வதுதான் அளவை. அவர்களில் முதன்மையானவர் திக்நாகர். ஏறக்குறைய 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர், காஞ்சிப் பகுதியைச் சேர்ந்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. அவரைத் தேடிச் சமஸ்கிருதத்துக்கோ திபெத்திய மொழிக்கோ போக வேண்டியதில்லை, நம் மணிமேகலையிலேயே அந்தப் பாடம் இருக்கிறது. 29ஆம் காதையில், காஞ்சியில், அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை சொல்லித் தருகிறார். காட்சி என்றால் என்ன என்பதற்கு அவர் தரும் விளக்கம் இரண்டே அடி:

சுட்டுணர்வைப் பிரத்தியக்கம் எனச் சொலி
விட்டனர் நாம சாதி குணக் கிரியைகள்

பெயர், இனம், குணம், செயல் என்ற நான்கையும் கழித்துவிட்டு எஞ்சி நிற்கும் வெறும் சுட்டுணர்வுதான் காட்சி. மற்றதெல்லாம் நாம் சேர்ப்பது. காப்பியம் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் காதை இது. எனக்கோ இந்த இரண்டு அடியில் ஒரு முழுத் தியான முறையே சுருண்டு கிடப்பதாகத் தோன்றும்.

ஒரு சின்ன உதாரணம். காலையில் தெருவில் எதிர்வீட்டுக்காரர் வருகிறார். நம்மைப் பார்த்தும் பேசாமல் போய்விடுகிறார். 'திமிரைப் பார்' என்று மனசுக்குள் ஓடுகிறது. அன்று முழுக்க அது உறுத்துகிறது. உண்மையில் கண்ணில் பட்டது என்ன? ஒரு வெள்ளைச் சட்டை, கொஞ்சம் திரும்பிய ஒரு முகம், நகர்ந்துபோன ஒரு நிறம். அவர் இன்னார் என்பது பெயர், இப்படிப்பட்ட ஆட்கள் என்பது இனம், திமிர் என்பது குணம், அவமதித்தார் என்பது செயல். நான்கும் நம் கைச்சரக்கு. ஆனால் அவற்றை ஒட்டியது நாம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. திமிரை நேரடியாகக் கண்ணால் பார்த்ததாகவே சத்தியம் செய்வோம். நெருப்பு வட்டத்தைப் பார்த்ததாகச் சொல்வது போலத்தான் இதுவும்.

கண் பற்றிய அறிவியலும் இதற்கு வெகு அருகில் வந்து நிற்கிறது. நம் ஒவ்வொரு கண்ணிலும், பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில், ஒளியை உணரும் செல்களே கிடையாது. அங்கே ஓர் ஓட்டை இருக்கிறது. பிரெஞ்சு அறிவியலாளர் மரியோட் 1660களில் இதைக் கண்டுபிடித்தார். ஆனால் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் உலகத்தில் ஓட்டை தெரிவதில்லை. சுற்றியிருப்பதைக் கொண்டு மூளை அதை நிரப்பிவிடுகிறது. நிரப்பியதை நம்மிடம் சொல்வதும் இல்லை.

சரி, இதைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதுமா? போதாது என்பதுதான் எல்லா மரபுக்கும் பொதுவான பதில். மாவலி வட்டம் கண்ணின் மயக்கம் என்று தெரிந்த பிறகும் வட்டமாகத்தான் தெரிகிறது. அறிவு ஒன்று சொல்ல, பார்வை இன்னொன்றைக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த இடைவெளியைக் கடக்கத்தான் பயிற்சி வேண்டும் என்றார்கள்.

அந்தப் பயிற்சியின் மிகச் சுருக்கமான வடிவம் பாலி நூலான உதானத்தில் வரும் பாகியனின் கதையில் இருக்கிறது. பாகியன் மரவுரி உடுத்தியவன். மேற்குக் கடற்கரையில், இன்றைய மும்பைக்கு வடக்கே உள்ள சோபாராவில் இருந்தவன். ஊரார் அவனை ஞானி என்று கொண்டாடினார்கள். தான் ஞானி இல்லை என்று உறைத்த நாளில் கிளம்பி, சாவத்தி நகரம் வரை நடந்து, புத்தரைத் தேடிப் பிடிக்கிறான். புத்தர் அப்போது பிச்சைக்குத் தெருவில் போய்க்கொண்டிருக்கிறார். காலில் விழுந்து உபதேசம் கேட்கிறான். 'இது நேரமில்லை, பிச்சைக்கு வந்திருக்கிறோம்' என்கிறார் புத்தர். மறுபடி கேட்கிறான், மறுபடி அதே பதில். மூன்றாம் முறை, 'உங்கள் உயிரோ என் உயிரோ எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்' என்று கெஞ்சுகிறான். அப்போது, நடுத்தெருவில் நின்றபடியே, புத்தர் சொன்னது இவ்வளவுதான்: காண்பதில் கண்டது மட்டும் இருக்கட்டும், கேட்பதில் கேட்டது மட்டும், உணர்வதில் உணர்ந்தது மட்டும், அறிவதில் அறிந்தது மட்டும் இருக்கட்டும். அப்படி இருக்கும்போது அங்கே நீ இல்லை.

பாகியன் அந்த இடத்திலேயே விடுதலை அடைந்தான் என்கிறது நூல். சற்று நேரத்தில் கன்றோடு நின்ற ஒரு பசு முட்டி அவன் இறந்துபோனான். அவன் உடலை எரித்து அவனுக்கு ஒரு தூபி எழுப்பும்படி புத்தர் பிக்குகளிடம் சொன்னார். 'நேரமில்லை' என்று இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு உண்மையிலேயே நேரம் இருக்கவில்லை. இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடிகிறது.

பாகியனுக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. மற்றவர்களுக்குப் படிப்படியான முறை தேவைப்பட்டது. உடல், வேதனை, மனம், தம்மங்கள் (மனம் அறியும் பொருள்கள்) என்ற நான்கின் மேலும் விழிப்பை நிறுத்தும் சதிபட்டானப் பயிற்சி அப்படி வந்தது. வேதனை என்பது இங்கே துன்பம் இல்லை. இன்பம், துன்பம், இரண்டும் அல்லாதது என்ற மூவகை நுகர்ச்சிக்கும் அதுதான் பெயர். இன்று உலகெங்கும் 'விபாசனா' என்று பரவியிருப்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு பர்மாவில் இந்தப் பயிற்சிக்குக் கிடைத்த புது உயிர். மகாசி சயாடோ (1904–1982) 1949 முதல் ரங்கூனில் கற்பித்த முறையில், மூச்சுக்கேற்ப வயிறு எழுவதையும் தாழ்வதையும் பார்த்துக்கொண்டே, 'எழுகிறது', 'தாழ்கிறது' என்று மனத்துக்குள் குறித்துக்கொள்ள வேண்டும். சத்தம் வந்தால் 'கேட்கிறது', எண்ணம் ஓடினால் 'நினைக்கிறது'. இன்னொரு கிளையை வளர்த்தவர் ஊ பா கின் (1899–1971). அவர் துறவி அல்ல, விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். அவரிடம் கற்ற கோயங்கா 1969இல் இந்தியாவுக்கு வந்து பத்து நாள் முகாம்களை நடத்தத் தொடங்கினார். நாசித் துவாரத்தருகே மூச்சைக் கவனிப்பதில் முதல் மூன்று நாட்கள் போய்விடும். நான்காம் நாள்தான் உச்சி முதல் உள்ளங்கால் வரை உடலின் உணர்ச்சிகளைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

பெயரை விடு என்று திக்நாகர் சொல்ல, 'கேட்கிறது' என்று பெயர் வைக்கச் சொல்கிறாரே மகாசி, இது முரண் இல்லையா என்று தோன்றலாம். கவனித்துப் பார்த்தால் அந்தப் பெயர் பொருளுக்கு வைத்ததல்ல. 'பக்கத்து வீட்டுப் பையன் மறுபடியும் பைக்கை முறுக்குகிறான்' என்பதிலிருந்து 'கேட்கிறது' என்பதற்கு இறங்கி வருகிறோம். பையன் போய்விட்டான், பைக் போய்விட்டது, எரிச்சலும் பாதி போய்விட்டது. காதில் விழும் அதிர்வு மட்டும் நிற்கிறது. கொஞ்ச நாளில் அந்த ஒற்றைச் சொல்லும் தேவைப்படாமல் உதிர்ந்துவிடும் என்கிறார்கள்.

இதை முட்டிவலியில் சோதித்துப் பார்ப்பது எளிது. சம்மணம் போட்டு அசையாமல் அரைமணி நேரம் உட்காருங்கள். இருபதாவது நிமிடத்தில் முட்டி வலிக்கும். முதலில் அது ஒரே கட்டியாக, 'வலி' என்ற ஒற்றைப் பொருளாகத்தான் இருக்கும். காலை மாற்றாமல், வலிக்கிற இடத்துக்குள் கவனத்தைக் கொண்டுபோனால் ஒரு சூடு தெரியும். சூட்டுக்குப் பக்கத்தில் ஓர் இழுப்பு. அப்புறம் விட்டு விட்டு ஒரு துடிப்பு. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத சின்ன இடைவெளிகள். 'வலி' என்று நாம் தொடர்ச்சியாக வரைந்து வைத்திருந்த கோடு புள்ளி புள்ளியாக உடைவது அப்போது தெரியும். மாவலியின் நெருப்பு மூட்டை ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு இடத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டதுபோலத்தான் இது. இந்த இடத்தில் 'ஐயோ, இந்த முட்டி இனி தாங்காது' என்ற எண்ணம் வந்தால் மறுநொடியே புள்ளிகள் ஒன்றுசேர்ந்து வட்டமாகிவிடும். அதையும் கண்ணெதிரே பார்க்கலாம். (மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேறு உணர்ச்சியை எடுத்துக்கொள்வதே நல்லது.)

தியானத்தில் ஒளி தெரிந்தது, உருவம் தெரிந்தது, உடல் மிதந்தது என்று சொல்கிறவர்கள் பலர். பழைய ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் தொகுத்த விசுத்திமார்க்கம் இத்தகைய காட்சியை உண்டாக்கும் செய்முறையையே தருகிறது. அதன் பெயர் மண் கசிணம். கங்கைக்கரை வண்டலைப்போல, விடியற்கால வானத்தின் நிறத்தில் களிமண் எடுத்து, கல்லும் புல்லும் நீக்கி, ஒரு சாணும் நான்கு விரலும் அகலத்தில் வட்டமாகத் தட்டி, மேளத்தோல்போல மட்டமாக வழித்து வைக்க வேண்டும். இரண்டரை முழம் தள்ளி ஒரு சிறு ஆசனத்தில் உட்கார வேண்டும். கண்ணை அகல விரிக்காமலும் மிகக் குறுக்காமலும், கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல 'மண், மண்' என்று பார்க்க வேண்டும். கண்ணைத் திறந்தும் மூடியும் நூறு முறை, ஆயிரம் முறை. ஒருநாள் கண்ணை மூடினாலும் வட்டு அப்படியே தெரியும். அதன்பின் அந்த மண்வட்டு எதற்கு? எழுந்து தன் இடத்துக்குப் போய்விடலாம். மனத்தில் நிற்கும் வட்டில் முதலில் விரல்பட்ட தடம் முதலான குறைகளும் தெரியும். பின்னர் அந்தக் குறைகள் உதிர்ந்து, உறையிலிருந்து எடுத்த கண்ணாடிபோல, மேகத்திலிருந்து வெளிப்பட்ட நிலாபோல, அதைவிடத் தூய ஒன்று எழும்.

இவ்வளவு உழைத்து அடைந்த அந்தக் காட்சியைப் பற்றி அடுத்து அவர் சொல்வது என்னை வியக்க வைக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, உருவமும் இல்லை. அது 'சஞ்ஞையில் பிறந்தது', அதாவது மனம் அடையாளம் காணும் திறனிலிருந்து பிறந்த தோற்றம் மட்டுமே என்கிறார். தெய்விகத் தரிசனம் என்று கொண்டாடவில்லை, வெளியே அப்படியொரு பொருள் இருக்கிறது என்று மயங்கவும் விடவில்லை. ஒரு வட்டத்தை வேண்டுமென்றே உண்டாக்கி, அது உண்டாக்கப்பட்டதுதான் என்று அறிவது. மனம் குவியக் கிடைத்த பிடிமானம், அவ்வளவுதான். கண்ணை மூடியதும் தெரிந்த ஒளிக்கு ஆயிரம் அர்த்தம் கற்பிக்கும் இன்றைய பேச்சுகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இனி வேதாந்தப் பக்கம். பௌத்தர்கள் காணப்படும் பொருளைப் பிய்த்துப் பார்த்தார்கள் என்றால் இவர்கள் காண்பவன் பக்கம் திரும்பினார்கள். கௌடபாதருக்குக் கனவு ஒரு பெரிய கருவி. கனவில் பார்க்கிற மலையும் ஊரும் தலைக்குள் அடங்குமா? அடங்காது. ஆனால் கனவு நீடிக்கும்வரை அவை மெய்தான். நனவுப் பொருளுக்குப் பயன் உண்டே, சோறு தின்றால் பசி தீர்கிறதே என்று கேட்டால், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் கனவில் பட்டினியோடு அலைகிறானே, அந்தச் சோறு அங்கே பயன்பட்டதா என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான திருப்பம் இருக்கிறது. கௌடபாதரின் வழிவந்த சங்கரர், பிரம்ம சூத்திர உரையில், வெளியே பொருளே இல்லை, எல்லாம் விஞ்ஞானம், அதாவது உணர்வுதான் என்று சொன்ன பௌத்தரை மறுக்கிறார். தூணையும் சுவரையும் பார்க்கிறவன் தூணாகவும் சுவராகவும்தான் பார்க்கிறான், தன் எண்ணமாகப் பார்ப்பதில்லை என்கிறார். சாப்பிட்டு, வயிறு நிறைந்து, அந்த நிறைவை அனுபவித்துக்கொண்டிருக்கும்போதே 'நான் சாப்பிடவும் இல்லை, நிறையவும் இல்லை' என்று சொல்கிறவனைப்போல இருக்கிறது உன் பேச்சு என்கிறார். கனவு விழிப்பில் மறுக்கப்படுகிறது, நனவு அப்படி மறுக்கப்படுவதில்லை, ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்றும் எழுதுகிறார். மாயாவாதி என்று பெயர் வாங்கியவரே உலகம் உன் தனிமனக் கற்பனை இல்லை என்கிறார். இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று மயங்குவது வேதாந்திகளின் பழைய உவமை. அதில் கயிறு என்று ஒன்று இருக்கிறது. அதை நான் கற்பிக்கவில்லை. இருட்டில் பாம்பாகக் கண்டது மட்டும்தான் என் பிழை. எவ்வளவு தீவிரமாக எண்ணினாலும் அந்தக் கயிறு பொற்சங்கிலி ஆகாது.

தமிழில் இதை இன்னும் அழகாகச் சொன்னவர் திருமூலர்.

மரத்தை மறைத்தது மாமத யானை
மரத்தில் மறைந்தது மாமத யானை
பரத்தை மறைத்தது பார்முதல் பூதம்
பரத்தில் மறைந்தது பார்முதல் பூதமே

மரத்தால் செய்த யானை பொம்மை. குழந்தைக்கு யானை மட்டும் தெரிகிறது, மரம் தெரிவதில்லை. தச்சர் கையில் எடுத்தால் தேக்கா வேங்கையா என்றுதான் பார்ப்பார், யானை மறைந்துவிடுகிறது. பொம்மையில் எதுவும் மாறவில்லை. கயிற்றுப் பாம்பைவிட இந்த யானை எனக்கு நெருக்கமானது. பாம்பு தவறு, திருத்தப்பட வேண்டியது. யானை தவறில்லை, அதை வைத்து விளையாடலாம். மரம் தெரிந்த தச்சரும் தன் குழந்தைக்கு அதை யானை என்றே சொல்லிக் கொடுப்பார்.

சைவ சித்தாந்திகள் மாயாவாதத்தை ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டு மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்டது. அதைப் பின்பற்றும் மரபுக்கு உலகம் உள்பொருள். மாயை அங்கே பொய்த்தோற்றமில்லை, உலகம் எதனால் ஆனதோ அந்த மூலப்பொருள். கோளாறு உலகத்தில் இல்லை, உயிரின் பார்வையை மூடியிருக்கும் ஆணவம் என்ற அழுக்கில் இருக்கிறது. பளிங்கு தன் பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைக் காட்டுவதுபோல, உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகிவிடுகிறது. உலகத்தை முழு உண்மை என்று ஒப்புக்கொண்டுகூடப் பார்வை மாற்றத்தைப் பேச முடியும் என்பதற்கு இது சான்று.

காண்பவன் பக்கம் திரும்புவது என்றால் செய்முறையில் என்ன? இதற்கு மிகத் தெளிவான பதில் 20ஆம் நூற்றாண்டுத் திருவண்ணாமலையில், எளிய தமிழில் கிடைத்தது. 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில், வேங்கடராமன் என்ற 16 வயதுப் பள்ளி மாணவனைத் திடீரென்று மரணபயம் பிடித்துக்கொண்டது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. கை கால்களை விறைப்பாக நீட்டிப் படுத்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, செத்துப்போனதாகவே பாவித்தான். இந்த உடல் சுடுகாட்டுக்குப் போய்ச் சாம்பலாகும், சரி, அதோடு 'நான்' சாகிறேனா என்று உள்ளே பார்த்தான். ஆறு வாரம் கழித்து வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான். ரமணர் என்று பின்னாளில் அழைக்கப்பட்டவர் அவர்தான்.

1902 வாக்கில், விரூபாட்ச குகையில் அவர் பேசாமல் இருந்த காலத்தில், சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் கேள்விகளோடு வந்தார். பதில்கள் மணலில் விரலாலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டப்பட்டன. 'நான் யார்?' என்ற சிறு நூலாக 1923இல் அவை அச்சாயின. அதில் உள்ள முறை இதுதான். எண்ணம் ஒன்று எழுந்தால் அதன் பின்னால் ஓடாதே, அதை அடக்கவும் முயலாதே. 'இது யாருக்கு உண்டாயிற்று?' என்று பார். 'எனக்கு' என்று வரும். 'அந்த நான் யார்?' என்று பார். கவனம் எண்ணத்திலிருந்து விலகித் தான் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். இன்னொரு எண்ணம் எழும், மறுபடி அதையே செய். இந்தக் கேள்விக்கு விடையாக 'நான் ஆன்மா' என்று சொல்லிக்கொள்வது அல்ல விசாரம். கேள்வி என்பது கவனத்தைத் திருப்பும் ஒரு கை மட்டுமே. பிணம் சுடு தடிபோல, மற்ற எண்ணங்களையெல்லாம் எரித்துவிட்டு அந்த 'நான் யார்' என்ற எண்ணமும் கடைசியில் தானே அழியும் என்கிறார். சுடுகாட்டில் சிதையைக் கிளறிவிடும் கழி அது. எல்லாம் எரிந்ததும் அதையும் அதே நெருப்பில் போட்டுவிடுவார்கள். இந்த உவமை தோன்றுவதற்கு நம் ஊர் வேண்டும். எண்ணங்களை ஒவ்வொன்றாக ஆராய வேண்டாமா என்பவர்களுக்கும் அவரிடம் பதில் உண்டு. கூட்டித் தள்ள வேண்டிய குப்பையை யாராவது உட்கார்ந்து ஆராய்வார்களா?

பௌத்த வழியும் ரமணர் வழியும் ஒன்றுதான் என்று அவசரமாக முடிச்சுப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'அங்கே நீ இல்லை' என்று பாகியனிடம் சொன்னதும், 'நான்' ஒன்றே உண்டு என்று மலையடிவாரத்தில் சொன்னதும் ஒரே சொல் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இவர்கள் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள், அந்தச் சண்டை வீண் இல்லை. முதல் படி மட்டும் இருவருக்கும் பொது. பொருளின் மேல் நாம் ஒட்டிய பெயரிலிருந்து பிடியைத் தளர்த்துவது.

இந்தப் பயிற்சிகளில் ஆபத்தும் உண்டு, பழையவர்கள் அதை மறைக்கவில்லை. உடலின் அருவருப்பைத் தியானித்த பிக்குகள் சிலர் தம் உடலையே வெறுத்து உயிரை விட்டதையும், அதன்பின் புத்தர் அவர்களுக்கு மூச்சுக் கவனிப்பைக் கற்பித்ததையும் விநய நூல் பதிவு செய்திருக்கிறது. தோன்றியதெல்லாம் கரைவதைப் பார்க்கிறவனுக்கு ஒரு கட்டத்தில் எல்லாமே அச்சமாகத் தெரியும் என்று விசுத்திமார்க்கம் அதைப் 'பய ஞானம்' என்று தனியே வகைப்படுத்துகிறது. உலகம் பொம்மைபோல, தான் தானில்லாததுபோலத் தோன்றும் நிலை இன்றைய தீவிர முகாம்களிலும் சிலருக்கு வருகிறது. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பத்து நாள் மௌனத்தில் இறங்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அறிவியலிடமும் அளவுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 2011இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனம் தன்னைப் பற்றியே அசைபோடும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் நீண்டகாலத் தியானிகளிடம் அடங்கியிருப்பது தெரிந்தது. சுவையான செய்திதான். ஆனால் 'நான்' எங்கிருந்து கிளம்புகிறது என்ற கேள்விக்கு அது விடை அல்ல.

பார்வை மாறியவருக்கு உலகம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, ரமணாசிரமத்தில் ரமணரோடு இருந்தவர்கள் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கற்பித்த பாம்பு போனால்தான் கயிறு தெரியும், உலகக்காட்சி நீங்கினால்தான் சொரூபம், அதாவது தன் உண்மை இயல்பு தெரியும் என்று எழுதிய ரமணர், விடியுமுன்பே எழுந்து ஆசிரமத்து அடுக்களைக்குப் போவார். மற்றவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்குவார். சட்னி அரைப்பார். பின்னர் பக்தர்களோடு பந்தியில் உட்கார்ந்து, அவர்களுக்குப் பரிமாறியதையே சாப்பிடுவார்.